ஒரு குளத்துத் துளியும் தலைமுறைச் சாபமும்

குழந்தை ஊனத்தோடு பிறந்தாலும், மகளின் திருமணம் தள்ளிப்போனாலும், தொழில் நொடித்தாலும், தந்தையின் குடிப்பழக்கம் மகனையும் பற்றிக்கொண்டாலும், எல்லாவற்றுக்கும் ஒரே காரணத்தைக் கூறும் வழக்கம் நம்மிடையே வேரூன்றி வருகிறது. மூதாதையருள் எவரோ செய்த பாவம் இரத்த வழியாக இறங்கி வந்து இன்று பலன் தருகிறதாம். ‘தலைமுறைச் சாபம்’ என்று அதற்குப் பெயரும் சூட்டியாயிற்று. நான்கு தலைமுறைக்கும் குடும்ப மரம் வரைந்து, இன்னார் கொலை செய்தாரா, இன்னார் மந்திரவாதியை நாடினாரா, இன்னார் தூக்கிட்டு இறந்தாரா என்று துருவிக் கேட்கும் செபக்கூட்டங்கள் உண்டு. செபத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால், கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தான் கண்டறியாத பாட்டனாரின் குற்றத்திற்கு விடை சொல்ல நிற்கும் தாயை எண்ணிப் பார்த்தால், இக்கொள்கை உண்மைதானா என்று கேளாமல் இருக்க முடியவில்லை.

அண்மைக் காலமாக இக்கொள்கைக்குப் புதிய சட்டை ஒன்றும் தைக்கப்பட்டுள்ளது. எபிஜெனெடிக்ஸ் என்றோர் அறிவியல் துறை இருக்கிறது. மரபணுவின் எழுத்துகள் மாறாமலேயே, அவை வாசிக்கப்படும் முறை மாறி, அம்மாற்றம் அடுத்தடுத்த உயிரணுக்களுக்குக் கடத்தப்படுவதை ஆராயும் துறை அது. ‘பாட்டனார் செய்ததும் பட்டதும் பேரனின் உடலில் பதிந்திருப்பதை அறிவியலே மெய்ப்பித்துவிட்டது, மறைநூல் சொன்னது சரியாகப் போயிற்று’ என்று படித்த இளைஞர்களே வாதிடக் கேட்கிறோம். அறிவியலின் பெயரைச் சொல்லிவிட்டால் வாய்திறக்க அஞ்சுவோர் நம்மில் பலர். எனவே அந்த அறிவியல் மெய்யாக என்ன சொல்கிறது என்பதை நின்று நிதானமாகக் காண்பது நன்று. அதற்கு மனிதரைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, இத்தகைய மரபு ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டிருக்கும் ஓர் உயிரிடம் செல்ல வேண்டும். அது குளத்து நீரில் வாழ்கிறது.

பள்ளியில் உயிரியல் பயின்றோர் பாரமீசியத்தை மறந்திருக்கமாட்டார்கள். வைக்கோல் ஊறிய நீரிலோ குளத்து நீரிலோ ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், செருப்பின் அடி போன்ற உருவத்தோடு விரைந்து நீந்துவது அதுவே. ஒரே உயிரணுதான் அதன் முழு உடல். நீளம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே விஞ்சும். உடலைச் சுற்றிலும் வரிசை வரிசையாகக் குற்றிழைகள் அடர்ந்து, துடுப்புகளைப் போல அசைந்து அதனைச் செலுத்துகின்றன. இவ்வகை உயிர்களைக் குற்றிழை உயிரிகள் என்பர். அறிவியலுக்கு இவை ஆற்றியுள்ள தொண்டு சிறிதன்று. குரோமோசோம்களின் முனைகள் எவ்வாறு காக்கப்படுகின்றன என்று கண்டறிந்து 2009-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களுள் எலிசபெத் பிளாக்பர்னும் கரோல் கிரைடரும் தங்கள் ஆய்வுக்குத் தேர்ந்துகொண்டது டெட்ராஹைமெனா என்னும் குற்றிழை உயிரியையே.

நம் உடலின் உயிரணுவில் பொதுவாக ஓர் உட்கருவே உண்டு. குற்றிழை உயிரிகளிலோ சிறியது, பெரியது என இருவகை உட்கருக்கள் உள்ளன. பங்கு அலுவலகத்தோடு பழகியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. திருமுழுக்குப் பதிவேடு பெட்டிக்குள் பூட்டப்பட்டிருக்கும். பள்ளிக்கும் திருமணத்திற்கும் வெளியே செல்வது அதிலிருந்து எடுத்த சான்றிதழே. சிறிய உட்கரு அந்த மூலப் பதிவேடு. அன்றாட வாழ்வில் அது வாய் திறப்பதில்லை. அடுத்த தலைமுறைக்கென்றே காக்கப்படுகிறது. பெரிய உட்கரு வெளியே புழங்கும் படி. உண்பதற்கும் நீந்துவதற்கும் வளர்வதற்கும் கட்டளை அதிலிருந்தே பிறக்கிறது. பாரமீசியத்தின் பெரிய உட்கருவில் மரபுச் செய்தியின் படிகள் ஏறக்குறைய 800 உள்ளன. இரண்டு பாரமீசியங்கள் அருகருகே ஒட்டி நின்று, தத்தம் சிறிய உட்கருவின் பாதியைப் பரிமாறிக்கொள்ளும் காலம் ஒன்று வரும். அப்போது பழைய பெரிய உட்கரு சிதைந்து அழிகிறது; பரிமாற்றத்தால் பிறந்த புதிய மூலத்திலிருந்து புதிய படி எழுதப்படுகிறது.

இங்கேதான் வியப்பு தொடங்குகிறது. அந்தப் படி, மூலத்தின் நேர்ப்படி அன்று. பாரமீசியம் படியெடுக்கையில் ஏறக்குறைய 45,000 இடங்களில் துண்டுகளை வெட்டி எறிந்துவிட்டு, மீந்தவற்றை ஒட்டவைத்துக்கொள்கிறது. அத்துண்டுகள் பல, மரபணுக்களின் நடுவிலேயே கிடப்பவை. வெட்டும் இடம் ஓர் எழுத்துப் பிசகினாலும் அம்மரபணு பொருளற்றதாகிவிடும். ஆக்ஸிட்ரிக்கா என்னும் மற்றொரு குற்றிழை உயிரியோ சிறிய உட்கருவிலுள்ள டி.என்.ஏ.யில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கழித்துவிடுகிறது. எஞ்சிய துணுக்குகள் 2,25,000-க்கும் மேல். அவற்றைச் சேர்த்து ஏறக்குறைய 16,000 குட்டிக் குரோமோசோம்களை அது உருவாக்குகிறது. அவற்றுள் பெரும்பாலானவை ஒரே ஒரு மரபணுவை மட்டும் தாங்கியவை. லாரா லாண்ட்வெபரின் ஆய்வுக்குழுவினரும் உடன் உழைத்தோரும் 2013, 2014 ஆகிய ஆண்டுகளில் இக்கணக்குகளை வெளியிட்டனர்.

துணுக்குகளாவது ஒழுங்காகக் கிடக்கின்றனவா என்றால் அதுவும் இல்லை. கட்டு அவிழ்ந்து ஏடு கலைந்த ஓலைச்சுவடியைப் போல, 3,500-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் மூலத்தில் வரிசை தவறிக் கிடக்கின்றன. இதனை முதன்முதலில் கண்டவர்கள் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்து டேவிட் பிரெஸ்காட்டும் அவருடைய உடனாய்வாளர்களும், ஆண்டு 1989. ஆக்டின் என்னும் புரதத்திற்குரிய மரபணு, ஆக்ஸிட்ரிக்காவின் ஒரு வகையில், 3, 4, 6, 5, 7, 9, 2, 1, 8 என்ற வரிசையில் ஒன்பது துணுக்குகளாகக் கிடந்தது. அவற்றுள் இரண்டாம் துணுக்கு தலைகீழாகவும் இருந்தது. ஆயினும் பெரிய உட்கருவில் அது ஒன்று முதல் ஒன்பது வரை பிழையின்றி நேராக்கப்பட்டிருந்தது. எதை வெட்டுவது, எதைச் சேர்ப்பது, எந்த வரிசையில் வைப்பது என்று இந்தச் சிற்றுயிருக்குச் சொல்லிக்கொடுப்பது யார்?

மூலப் பதிவேடு அதைச் சொல்லவில்லை என்பதற்கான தடயம் நெடுங்காலத்திற்கு முன்பே கிடைத்திருந்தது. மரபியலின் தந்தை எனப் போற்றப்படும் கிரெகோர் மெண்டல் ஒரு கத்தோலிக்கக் குரு என்பதில் நமக்கு எப்போதும் சிறு பெருமிதம் உண்டு. பிர்னோ நகரின் அகுஸ்தினார் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து, 1866-இல் அவர் அச்சேற்றிய கட்டுரை, பெற்றோரின் பண்புகள் கணக்குப் பிசகாமல் பிள்ளைகளுக்குப் பங்கிடப்படுவதைக் காட்டியது. அப்பங்கீட்டில் தாய் வழி, தந்தை வழி என்ற வேறுபாடு இல்லை. ஆனால், அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டிரேசி சோன்பார்ன் பாரமீசியத்தில் கண்டது அக்கணக்கிற்குள் அடங்கவில்லை. பாரமீசியங்களில் ஆண் பெண் போல இணைசேரும் இரு வகைகள் உண்டு என்று 1937-இல் கண்டறிந்தவர் அவரே. அவர் ஆராய்ந்த ஓர் இனத்தில் அவ்வகைகளுக்கு ‘ஓ’ என்றும் ‘இ’ என்றும் பெயர். ஓ வகையும் இ வகையும் இணைந்து உட்கருவைப் பரிமாறிக்கொண்டபின் இரண்டின் மூலப் பதிவேடும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஆயினும் ஓ வகையின் வழிவந்தவை ஓ வகையாகவே நீடித்தன. இ வகையின் வழிவந்தவை இ வகையாகவே நீடித்தன. இணைவின்போது இரண்டுக்கும் இடையே உயிரணுக் கூழ் கலந்துவிட்டாலோ, ஓ வகையின் சந்ததியும் இ வகையாக மாறியது. அப்படியானால், விதையில் இல்லாத ஏதோ ஒன்றைத் தாயின் உடல் சேய்க்குக் கொடுக்கிறது.

அந்த ஏதோ ஒன்று யாது என்பது தெரியவரப் பல பத்தாண்டுகள் ஆயின. டெட்ராஹைமெனாவில் 2002-இல் முதற்குறிப்பு கிடைத்தது. பாரமீசியத்தின் இவ்விரு வகைகளுக்குரிய விளக்கம் 2014-இல் பாரிஸ் நகரத்து எரிக் மேயரின் ஆய்வுக்கூடத்திலிருந்து வெளிவந்தது. நிகழ்வது இதுதான். இணைவு தொடங்கும்போது சிறிய உட்கரு தன் மரபுச் செய்தியை ஆர்.என்.ஏ. என்னும் சின்னஞ்சிறு சீட்டுகளாக எழுதி வெளியே அனுப்புகிறது. அவை அழியப்போகும் பழைய பெரிய உட்கருவை அடைகின்றன. அங்கே தமக்கு இணையான செய்தியைக் கண்ட சீட்டுகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. இணை காணாத சீட்டுகள் மட்டும் எஞ்சி, உருவாகிவரும் புதிய பெரிய உட்கருவுக்குள் நுழைகின்றன. எந்தப் பகுதியோடு அவை பொருந்துகின்றனவோ அந்தப் பகுதி வெட்டப்படுகிறது. சுருங்கக் கூறின், தாயின் படியில் இல்லாதது சேயின் படியிலும் இருக்கலாகாது என்பதே அங்கு வழங்கும் சட்டம். சாகக்கிடக்கும் உட்கரு உயில் எழுதிவிட்டுப் போகிறது எனலாம். இ வகைக்குத் தேவையான மரபணு ஒன்றின் தொடக்கப் பகுதி ஓ வகையில் வெட்டப்பட்டுவிடுகிறது. தாயில் வெட்டப்பட்டதனால் சேயிலும் வெட்டப்படுகிறது. சேயில் வெட்டப்பட்டதனால் அதன் சேயிலும்.

ஆக்ஸிட்ரிக்காவில் சீட்டுகளின் பொருள் நேர்மாறானது. அங்கே சிறு ஆர்.என்.ஏ.க்கள் காக்க வேண்டிய பகுதிகளைச் சுட்டுகின்றன. அவற்றோடு, தாயின் பெரிய உட்கருவிலிருந்து எடுக்கப்பட்ட நீண்ட ஆர்.என்.ஏ. படிகள், துணுக்குகளை எவ்வரிசையில் வைப்பது என்பதற்கு முன்மாதிரியாகப் பயன்படுகின்றன. 2008-இல் லாண்ட்வெபர் குழுவினர் வரிசையை மாற்றி எழுதிய செயற்கை ஆர்.என்.ஏ.யை உயிரணுவுக்குள் செலுத்திப் பார்த்தனர். புதிய உட்கருவில் துணுக்குகள் அந்த மாற்று வரிசையில் அமைந்தன. வியப்பு யாதெனில், செலுத்தப்பட்ட அந்த மாற்றம் அடுத்த பாலினத் தலைமுறையிலும் தென்பட்டது.

ஆகவே முன்னோர் இழந்ததைச் சந்ததியும் இழக்கிறது என்பது, குறைந்த அளவு இவ்வுயிர்களிலேனும் மெய்யே. இதைக் கேட்டவுடன் தலைமுறைச் சாபம் பேசுவோர் கைதட்டக்கூடும். அவர்கள் இன்னும் ஒரு செய்தியைக் கேட்கும்வரை பொறுக்க வேண்டுகிறோம்.

பாரமீசியத்தில் ‘டி48’ என்று பெயரிடப்பட்ட ஒரு வழித்தோன்றல் உண்டு. மற்றவை தம் மேற்புறத்தில் அணிந்திருக்கும் ‘ஏ’ என்னும் புரதம் இதனிடம் இல்லை. அதற்குரிய மரபணு பெரிய உட்கருவில் காணப்படவில்லை. தலைமுறை தலைமுறையாக இக்குறை தொடர்ந்தது. விதையே கெட்டுப்போயிருக்கும் என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால் 1980-களில் செய்த ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின. டி48-இன் சிறிய உட்கருவில் அம்மரபணு முழுமையாக, ஒரு கீறலுமின்றி இருந்தது. ஒவ்வொரு தலைமுறையிலும் மூலம் அதனைச் சொல்லிக்கொண்டே இருந்தது. தாயின் படியில் இல்லாத காரணத்தால் ஒவ்வொரு தலைமுறையிலும் அது கழிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. அந்த மரபணுவை எடுத்துத் தாயின் பெரிய உட்கருவுக்குள் ஒருமுறை செலுத்தியபோது, அடுத்த இணைவில் பிறந்த சேய்கள் தம் சொந்த மூலத்திலிருந்தே அதனைத் திரும்பப் பெற்றன. பின்வந்த தலைமுறைகளும் அதனை இழக்கவில்லை.

இந்த டி48-ஐ எண்ணும்போது நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. இச்சேய் குற்றவாளியா? ஏ புரதத்தை அது விற்றுத் தின்னவில்லை, தொலைக்கவும் இல்லை. பிறக்கும்போதே அது இல்லாமல் பிறந்தது. அதனிடம் இருப்பது ஓர் இன்மை. அந்த இன்மையைக் குற்றம் என்று அழைப்பவர், சொற்களைப் பொருளறியாமல் வழங்குகிறார். பாரமீசியத்திற்கு மனமில்லை, தெரிவுமில்லை, ஆகையால் அதனிடம் குற்றம் பற்றிப் பேசுவதே பொருந்தாது என்று சிலர் குறுக்கிடலாம். மெய்தான். ஆனால் மனமும் தெரிவும் உடைய மனிதரிடத்திலும், தெரிவு செய்யாத ஒன்றைக் குறித்து நாம் அதே விடையைத்தான் கூற வேண்டியிருக்கிறது.

இதைப் புதுமை என்று எண்ண வேண்டா. புனித தாமஸ் அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டில் தம் இறையியல் பெருநூலில் இதே கேள்வியை எழுப்பியிருக்கிறார். தொழுநோய், கீல்வாதம் போன்ற உடற்குறைகள் தந்தையிடமிருந்து மகனுக்கு வருவதாக அக்காலத்தார் கருதினர். அதை வைத்துக் குற்றமும் அவ்வாறே உடல்வழி வரும் என்று விளக்க முயன்றோரை அவர் ஏற்கவில்லை. ஒரு குறை பிறப்பினால் வந்தது என்று சொன்ன உடனேயே அது குற்றம் என்னும் பெயருக்குத் தகுதியற்றதாகிவிடுகிறது. ஏனெனில் குற்றம் என்பது மனம் ஒப்பிச் செய்வது என்பது அவர் கருத்து. நெருங்கிய முன்னோரின் பாவங்கள் பிள்ளைகளுக்கு இறங்குமா என்ற தனிக் கேள்விக்கும் இல்லை என்றே அவர் விடை பகர்ந்தார். ஆர்.என்.ஏ.வைப் பற்றி ஏதும் அறியாத ஒருவர், இன்றைய கூட்டங்களில் பேசுவோரைவிடத் தெளிவாகச் சிந்தித்திருப்பதை நாம் வியப்போடு காண்கிறோம்.

‘அப்படியானால் பிறப்புநிலைப் பாவம்?’ என்று மறைக்கல்வி பயின்ற வாசகர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்வியே. திரெந்து பொதுச்சங்கம் 1546-இல், ஆதாமின் பாவம் மற்றவரைப் பார்த்து நாம் கற்றுக்கொள்வது அன்று, பிறப்பினால் நம்மை வந்தடைவது என்று வரையறுத்தது. ஆனால் அது மனித குலம் முழுமைக்கும் பொதுவானது. ஒரு குடும்பத்திற்கு ஒருவிதமாகவும் அடுத்த குடும்பத்திற்கு வேறுவிதமாகவும் இறங்குவதில்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, அது நாம் செய்த செயல் அன்று, நாம் இருக்கும் நிலை என்றும், எவரிடத்தும் தனிப்பட்ட குற்றத்தின் தன்மை அதற்கு இல்லை என்றும் விளக்குகிறது. இதை டி.என்.ஏ.யில் தேடவும் வேண்டா, ஆர்.என்.ஏ. சீட்டுகளில் கண்டுபிடித்துவிட்டதாக மகிழவும் வேண்டா. இறையியலை அறிவியலின் முதுகில் ஏற்றினால், அடுத்த ஆண்டு அறிவியல் திரும்பும்போது இறையியல் கீழே விழும்.

மூன்றாம் நான்காம் தலைமுறைவரை தந்தையரின் தீமை தண்டிக்கப்படும் என்னும் விடுதலைப்பயண நூலின் எச்சரிக்கையைச் சிலர் சுட்டுவர். மூன்று நான்கு தலைமுறைகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த காலத்தில் கூறப்பட்டது அது. தலைவன் தவறினால் வீடு முழுவதும் அல்லற்படும் என்பது அன்று எவரும் கண்கூடாகக் கண்ட உண்மை. அந்தச் சொல்லையே சாக்காக வைத்து, நாடுகடத்தப்பட்ட மக்கள், தங்கள் துன்பத்திற்கு முன்னோரே காரணம் என்று ஒரு பழமொழியைச் சொல்லித் திரிந்தபோது, இறைவாக்கினர் எசேக்கியேல் தம் நூலின் 18-ஆம் அதிகாரம் முழுவதையும் அதனை மறுக்கவே செலவிட்டார். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தவர் இவரா, இவருடைய பெற்றோரா என்று வினவியதும், ஆண்டவர் இருவரையுமே விடுவித்ததும் யோவான் நற்செய்தியில் இருக்கின்றன. பிரான்சு நாட்டு ஆயர்கள் 2007-இலும், ஸ்பெயின் நாட்டு ஆயர்களின் விசுவாசக் கோட்பாட்டு ஆணைக்குழுவினர் 2024-இலும், குடும்ப மரத்தைக் குணப்படுத்தும் வழிபாடுகளைக் குறித்து எச்சரித்து எழுதியிருக்கிறார்கள்.

இனி மனிதரிடம் வருவோம். 1944-45 குளிர்காலத்தில், செருமானியர் உணவு வரத்தை முடக்கியதால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி மக்கள் கொடும்பசியில் வாடினர். அப்பஞ்சத்தின்போது கருவில் உருவாகிக்கொண்டிருந்தவர்களை அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு மரபணுவின்மேல் இருக்க வேண்டிய வேதிக்குறிகள், அவர்களுடைய உடன்பிறப்புகளில் இருந்ததைவிடக் குறைந்திருந்தன. 2008-இல் இம்முடிவு வெளியாயிற்று. பசி உடலில் எழுதுகிறது என்பது இதனால் விளங்கும். ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இங்கே பசித்தது பாட்டி மட்டுமன்று. கருவிலிருந்த அக்குழந்தையும் உடன் பசித்தது. தான் பட்ட துன்பத்தின் வடுவைத்தான் அது சுமந்தது. தலைமுறை தாண்டிக் குறிகள் இறங்குவதோ வேறு பேச்சு. பாலூட்டிகளில் இவ்வேதிக்குறிகளுட் பெரும்பாலானவை, இனப்பெருக்க உயிரணுக்கள் உருவாகும்போது ஒருமுறையும், கரு தரித்தவுடன் மறுமுறையும் துடைக்கப்படுகின்றன. பாரமீசியத்தில் காண்பதைப் போன்ற உறுதியான சான்று மனிதரில் இன்றுவரை இல்லை. பாட்டனாரின் குடியோ கோபமோ பேரனின் மரபணுவில் எழுதப்பட்டுவிட்டது என்று மேடையில் முழங்குவோர், குளத்தில் கண்டதை வீட்டில் கண்டதாகக் கூறுகின்றனர்.

மரபு பற்றிய அறிவு தீர்ப்பு வழங்கும் கோலாக மாறும்போது என்ன நேரும் என்பதை 20-ஆம் நூற்றாண்டு நமக்குக் காட்டியிருக்கிறது. எல்லாம் விதையில்தான் என்றோர் கூட்டம் அமெரிக்காவில் கிளம்பியது. 1927-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், வர்ஜீனியா மாநிலத்துக் கேரி பக் என்னும் ஏழைப் பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்வதைச் சரியென்றது. தாய், மகள், பேத்தி என மூன்று தலைமுறையும் அறிவுக்குறை உடையவர்கள் என்பதே காரணம். அந்தப் பேத்தி பள்ளியில் நன்றாகவே படித்தாள் என்பது பின்னரே தெரியவந்தது. 1933-இல் செருமனி இயற்றிய சட்டம் ஏறக்குறைய 4 இலட்சம் பேரை இவ்வாறு மலடாக்கியது. இடையே 1930-இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் திருமணம் குறித்து எழுதிய சுற்றுமடலில், குற்றமற்ற ஒருவரின் உடல்மேல் அரசுக்கு இத்தகைய அதிகாரம் இல்லை என்று கண்டித்தார். இதற்கு எதிர்த்திசையில், வாழ்வில் பெற்ற பண்புகளே மரபாகின்றன என்ற லைசென்கோவின் கொள்கை 1948-இல் சோவியத் நாட்டில் அரச கட்டளையாயிற்று. மெண்டல் வழிநின்றோர் பதவிகளை இழந்தனர். கொள்கைகள் ஒன்றுக்கொன்று எதிரானவை. அடிபட்டோர் மட்டும் இருபுறமும் எளியவர்களே. தலைமுறைச் சாபம் என்பதும் அவ்வரிசையில் வந்து நிற்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

எனினும் முன்னோரின் செயல் நம்மைத் தொடுவதே இல்லை என்று நாம் சொல்லத் துணியவில்லை. குடிகாரத் தந்தையின் வீட்டில் கடன் இருக்கிறது, பசி இருக்கிறது, அச்சம் இருக்கிறது. அவ்வீட்டுப் பிள்ளை அவற்றைத் தன் விருப்பமின்றியே பெறுகிறான். இங்கே பாரமீசியத்தின் கதை நமக்கு ஒன்றைத் திருப்பிக் காட்டுகிறது. நாம் வழக்கமாகப் பின்னோக்கியே விரல் நீட்டுகிறோம்: எனக்கு இதைக் கொடுத்தவர் யார்? முன்னோக்கிக் கேட்பதில்லை: என் படியில் எதை வெட்டிவிட்டு என் பிள்ளையிடம் கொடுக்கிறேன்? தாய் பாரமீசியத்திற்குத் தெரிவு இல்லை. தன்னிடம் இல்லாததை அது கழித்தே தீரும். பெற்றோராகிய மனிதருக்குத் தெரிவு உண்டு. எடுத்துக்காட்டாகச் சாதியைப் பாருங்கள். எந்த உட்கருவிலும் அது எழுதப்படவில்லை. திருமுழுக்குத் தொட்டியிலும் அது வழங்கப்படுவதில்லை. ஆயினும் நம் ஊர்களில் கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவராக நின்றுகொண்டிருக்கிறது. இன்ன தெருவில் நீர் அருந்தாதே என்று நான்கு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, விதையில் இருந்த ஏதோ ஒன்றை நாம் வெட்டி எறிகிறோம். அப்பிள்ளை வளர்ந்து தன் பிள்ளைக்கும் அவ்வாறே செய்கிறான். பின்னர் அதனைப் பரம்பரை என்று அழைக்கிறோம். சாபம் என்ற சொல்லை எங்கேனும் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், இந்தச் சுவரருகே பயன்படுத்தலாம். குடும்ப மரம் வரைந்து விசாரிக்கும் கூட்டங்களில் இந்தச் சுவரைப் பற்றி யாரும் கேட்டதாக நாம் கேள்விப்படவில்லை.

விதை முழுமையாக இருக்கிறது, வாசிப்பைத் திருத்தினால் போதும் என்று டி48-ஐக் கொண்டு எளிதாகக் கூறிவிடலாம். ஆனால் எல்லாக் குறையும் அவ்வாறு திரும்புவதில்லை என்பதையும் பாரமீசியமே அறிவிக்கிறது. 1965-இல் சோன்பார்னும் பிரான்சு நாட்டு ஆய்வாளர் ஜானின் பெய்சனும் ஒரு சோதனையை வெளியிட்டனர். பாரமீசியத்தின் மேற்புறத்திலுள்ள குற்றிழை வரிசைகளுள் சில, ஒரு விபத்தால் முன்பின்னாகத் திரும்பி அமைந்துவிட்ட உயிரிகளை அவர்கள் வளர்த்துப் பார்த்தனர். மரபணுவில் மாற்றம் இல்லை. ஆயினும், திரும்பிய வரிசைக்கு அருகே முளைக்கும் புதிய குற்றிழை தன் பக்கத்திலுள்ளதைப் பார்த்தே திரும்பி முளைக்கிறது. அதனால் அக்கோணல் நூற்றுக்கணக்கான உயிரணுத் தலைமுறைகளுக்கு நீடித்தது. உட்கருவைப் பரிமாறிக்கொண்டபோதும் அது நேராகவில்லை. மூலப் பதிவேடு எவ்வளவு தூய்மையாக இருந்தும் இங்கே பயனில்லை. உடலின் அமைப்பே உடலுக்கு அச்சாகிவிட்டது. மருத்துவமனைப் படுக்கையருகில் நின்று பழகியவர்களுக்கு இவ்வகைக் குறையும் தெரியும். எந்தச் செபக்கூட்டமும் அதன் வேரை எந்த மூதாதையரிடமும் கண்டெடுக்கப்போவதில்லை. எந்த மருத்துவமும் அதனை நேராக்கப்போவதுமில்லை. அந்தப் பாரமீசியங்கள் மற்றவற்றைப்போல நேராகச் சுழன்று செல்லவில்லை, முறுகி முறுகி நீந்தின. ஆயினும் அவை இரை தேடின, உண்டன, உரிய காலத்தில் இரண்டாகப் பிரிந்து பெருகின.